மேடை முதல் தடவையை மட்டும்தான் கேட்கும்

"வீட்டுல நல்லாத்தான் டீச்சர் வாசிக்குது. மேடையில ஏறுனா மட்டும் என்னமோ ஆயிருது."

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கத்து அம்மாக்கள் என்னிடம் அதிகம் சொல்லியிருப்பது இதைத்தான். வயலின் வகுப்புக்குப் பிள்ளையை அனுப்புகிற எல்லா வீட்டிலிருந்தும் எப்போதாவது ஒருமுறை இந்தப் பேச்சு வந்துவிடும். அவர்கள் பொய் சொல்லவில்லை. பிள்ளை வீட்டில் நன்றாகத்தான் வாசிக்கிறது. ஆனால் எத்தனையாவது தடவை? சாயங்காலம் பெட்டியைத் திறந்து, சுருதி சேர்த்து, மோகன ராக வர்ணத்தை (கச்சேரியின் தொடக்கத்தில் வாசிக்கிற வகைப் பாட்டு) எடுத்தால் முதல் தடவை அதன் இரண்டாம் பகுதியான அனுபல்லவியில் சறுக்கும். திரும்ப ஆரம்பத்திலிருந்து. இந்தத் தடவை அதற்கடுத்த முக்தாயி ஸ்வரத்தில் தாளம் ஓடிவிடும். திரும்ப. இப்படியே போய் எட்டாவதோ பத்தாவதோ தடவை ஒரு பிசிறு இல்லாமல் வரும். அடுப்படியிலிருந்து அம்மா "இப்ப சரியாருக்கு" என்பார். பிள்ளைக்கும் சந்தோஷம். பெட்டியை மூடிவிடும். இருவர் மனதிலும் தங்குவது அந்தக் கடைசித் தடவை.

மேடையில் அந்தக் கடைசித் தடவை கிடையாது. பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள், போய் உட்கார வேண்டும், வாசிக்க வேண்டும். அங்கே வருவது முதல் தடவைதான். அதாவது வீட்டில் தினமும் அனுபல்லவியில் சறுக்குகிற அதே முதல் தடவை. பிள்ளை மேடையில் கெட்டுப்போகவில்லை. வீட்டில் யாரும் கணக்கில் எடுக்காத முதல் வாசிப்பு மேடையில் எல்லோர் காதிலும் விழுந்துவிட்டது, அவ்வளவுதான்.

எனக்கு இது புரிந்தது புத்தகம் படித்து அல்ல, பக்கவாத்தியம் வாசித்து. நான் பெரிய சபாக்களில் வாசிக்கிற ஆள் இல்லை. ராமநாதபுரம், தேவிபட்டினம், திருப்புல்லாணி, உத்தரகோசமங்கை என்று இந்தப் பக்கத்துக் கோயில் விழாக்களில், நவராத்திரி மேடைகளில் பாடகருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கிறவள். பாடகரை அன்றைக்குத்தான் பார்த்திருப்பேன். என்ன ராகம் எடுப்பார், எந்த இடத்தில் நிரவல் செய்வார், எந்த எடுப்பில் ஸ்வரம் போடுவார், எதுவும் தெரியாது. அவர் ஆலாபனையை நிறுத்தி என் பக்கம் திரும்பினால் அடுத்த நிமிடம் என் கையில் ராகம் இருக்க வேண்டும். பக்கவாத்தியக்காரருக்கு எல்லாமே முதல் தடவை. "கொஞ்சம் இருங்க, இன்னொரு தடவை வாசிச்சுக்கிறேன்" என்று சொல்ல முடியாது. அதனால் பக்கவாத்தியம் வாசிக்கிறவர்கள் சாதகத்தை, அதாவது அன்றாடப் பயிற்சியை, தாங்களாகவே வேறு மாதிரி அமைத்துக்கொள்கிறார்கள்: ராகத்தை மாற்றி மாற்றி, எதிர்பாராமல், எங்கிருந்து வேண்டுமானாலும் தொடங்கி. பிள்ளைகளுக்கு மட்டும் நாம் இதைச் சொல்லிக்கொடுப்பதில்லை. "நூறு தடவை வாசி" என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம்.

ராபர்ட் பியோர்க் என்ற அமெரிக்க உளவியலாளர் இந்த விஷயத்தில் ஒரு வித்தியாசத்தை அழுத்திச் சொல்கிறார். பயிற்சி நடக்கும் நேரத்தில் கை எவ்வளவு நன்றாக ஓடுகிறது என்பது வேறு. அது எவ்வளவு தங்கியிருக்கிறது என்பது வேறு. ஒரு பாட்டு வரியின் ஒரே சங்கதியை இருபது தடவை வரிசையாக வாசித்தால் கை சரசரவென்று ஓடும். அது கற்றுக்கொண்டதாகவே தோன்றும். சூடு ஆறுவதற்குள் திரும்ப எடுப்பதால் மூளைக்கு அங்கே தேடி எடுக்கிற வேலையே இல்லை. மறுநாள் காலையில் தேட வேண்டியிருக்கும்போதுதான் உண்மை தெரியும். அதையே மூன்று வெவ்வேறு பாட்டுகளாக, உருப்படிகளாக, கலந்து, ஒன்றை விட்டு இன்னொன்றுக்குப் போய்த் திரும்பி வந்து வாசித்தால் அன்றைக்குத் தடுமாற்றம் அதிகம் இருக்கும். ஆனால் நாட்பட நிற்கும். இந்த வகைச் சிரமத்துக்கு விரும்பத்தக்க சிரமம் என்றே பெயர் வைத்திருக்கிறார். பிள்ளைகளுக்கு அது விரும்பத்தக்கதாக இருப்பதில்லை. வீட்டில் இருப்பவர்களுக்கு இன்னும் மோசம். முன்பு எட்டாவது தடவை சுத்தமாகக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள், இப்போது தினமும் தடுமாற்றத்தையே கேட்கிறார்கள். "டீச்சர், பிள்ளை முன்னைக்கு இப்ப கெட்டுப்போச்சு" என்று ஒரு பாட்டி நேரில் வந்து சொல்லிவிட்டுப் போனார்.

என்னிடம் படிக்கிற பிள்ளைகள் எல்லோருக்கும் காலையில் ஒரு வேலை உண்டு. பள்ளிக்குக் கிளம்பும் முன் வயலினை எடுக்க வேண்டும், சுருதி சேர்க்க வேண்டும், சரளி, ஜண்டை போன்ற ஆரம்பப் பாடங்கள் எதுவும் வாசித்துக் கை பழக்கக்கூடாது. அன்றைய உருப்படியை நேராக எடுத்து ஒரே ஒரு தடவை முழுக்க வாசிக்க வேண்டும். போனில் பதிவு ஓடிக்கொண்டிருக்க வேண்டும். எங்கே விழுந்தாலும் நிறுத்தக்கூடாது. முடிந்ததும் நோட்டில் எங்கெங்கே விழுந்தது என்று எழுதிவிட்டுப் பெட்டியை மூடிவிட வேண்டும். சரிசெய்து பார்க்க எவ்வளவு ஆசையாக இருந்தாலும் அப்போது கூடாது. கை வலிக்க வாசிப்பதைவிட இந்த மூடிவிடுவதுதான் அவர்களுக்குக் கஷ்டம். நாங்கள் இதை ஒத்தை வாசிப்பு என்று சொல்லிக்கொள்கிறோம். ஒரு பிள்ளை எவ்வளவு தேறியிருக்கிறது என்று அறிய எனக்கு இந்தக் காலைப் பதிவு போதும். சாயங்கால வாசிப்பை நான் நம்புவதில்லை.

சாயங்காலம் பழுது பார்க்கிற நேரம். அங்கே சட்டம் தலைகீழ். தப்பு வந்த இடத்தில் உடனே நிற்க வேண்டும். ஆரம்பத்துக்கு ஓடக்கூடாது.

இந்த ஆரம்பத்துக்கு ஓடுகிற பழக்கம் எல்லாப் பிள்ளைகளுக்கும் இருக்கிறது. வர்ணத்தின் கடைசிப் பகுதியான சரணத்தில் இரண்டாவது சிட்டை ஸ்வரத்தில் ஒரு பிடி (சின்ன ஸ்வரக் கோவை) தவறும். உடனே பல்லவியிலிருந்து எடுப்பார்கள். நன்றாகத் தெரிந்த பல்லவி இன்னொரு தடவை மெருகேறும். தெரியாத பிடி வந்ததும் பழையபடி விழும். ஒரு மணி நேரம் போயிருக்கும், அந்தப் பிடியைத் தொட்டது மொத்தம் இரண்டு நிமிடம் இருக்காது. ஒரு நாள் என் மாணவி ஒருத்தியின் அப்பா திண்ணையில் உட்கார்ந்து வலை பொத்திக்கொண்டே இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். சங்கீதம் எதுவும் தெரியாதவர். "ஏத்தா, கிழிஞ்ச கண்ணியை விட்டுட்டு முழு வலையையும் மறுபடி பின்னிக்கிட்டு இருக்கியே" என்றார். அன்றைக்கு அதற்குமேல் நான் சொல்ல எதுவும் மிச்சமில்லை.

அவர் சொன்னதை ஆய்வாகச் செய்து பார்த்தவர்கள் உண்டு. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் டியூக் குழு 2009-ல் வெளியிட்ட ஆய்வு அது. பியானோ படிக்கும் 17 மாணவர்களிடம் ஷோஸ்டகோவிச்சின் கான்செர்ட்டோ ஒன்றிலிருந்து ஒரு சின்னப் பகுதியைக் கொடுத்து, வேண்டிய மட்டும் பயிற்சி செய்யச் சொன்னார்கள். மறுநாள் வந்து வாசிக்க வேண்டும். மறுநாள் யார் நன்றாக வாசித்தார்கள்? அதிக நேரம் உட்கார்ந்தவர்கள் இல்லை. அதிக தடவை வாசித்தவர்களும் இல்லை. தேறியவர்களைக் கவனித்தபோது, அவர்களுக்கும் ஆரம்பத்தில் மற்றவர்களைப் போலவே தப்பு வந்திருந்தது. வந்த தப்பை அவர்கள் கையாண்ட விதம்தான் வேறு. சரியாக எந்த இடம், ஏன் என்று கண்டுபிடித்து, அந்த இடத்தில் வேகத்தைக் குறைத்து, தப்பு மறையும்வரை அங்கேயே நின்றார்கள். ஒரே தப்பைத் திரும்பத் திரும்பச் செய்யவிடவில்லை. தப்பாக வாசிப்பதும் ஒரு சாதகம்தானே. கைக்குச் சரி தப்பு தெரியாது, எதைக் கொடுக்கிறோமோ அதைப் பிடித்துக்கொள்ளும்.

ஆக, இரண்டு வேளை, இரண்டு சட்டம். காலையில் நிற்கவே கூடாது. சாயங்காலம் நிற்காமல் போகக்கூடாது. இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிடுகிற பிள்ளைதான் மேடையில் தப்பு வந்ததும் அப்படியே உறைந்து நிற்கும். தப்பு வந்தால் நிற்க வேண்டும் என்று மட்டுமே அதற்குப் பழக்கம். விழுந்துவிட்டு அடுத்த தாளச் சுற்றில், ஆவர்த்தனத்தில், ஏறிக்கொள்வது தனி வித்தை, அதற்கென்று தனியாகச் சாதகம் வேண்டும். அதற்காக வகுப்பில் வர்ணத்தின் பகுதிகளைச் சீட்டில் எழுதிக் குலுக்குவேன்: பல்லவி, அனுபல்லவி, முக்தாயி ஸ்வரம், சரணம், ஒவ்வொரு சிட்டை ஸ்வரத்துக்கும் ஒரு சீட்டு. வந்த சீட்டிலிருந்து எடுக்க வேண்டும். முதல் மாதம் எல்லோரும் திணறுவார்கள். மனதுக்குள் பல்லவியிலிருந்து ஓட்டிப் பார்த்துத்தான் சரணத்தைக் கண்டுபிடிக்க முடியும், முகத்திலேயே தெரியும். அப்புறம் பழகிவிடும். ஒரு உருப்படிக்கு ஒரே வாசல் வைத்துக்கொள்கிறவர் வழி தவறினால் வெளியே போய்த்தான் திரும்ப வர முடியும். பல இடங்களில் நுழையத் தெரிந்தவருக்கு அந்தக் கஷ்டம் இல்லை.

சரி, பயத்துக்கு வருவோம்.

"பயப்படாதே" என்று மேடைக்குப் பின்னால் நின்று சொல்கிறவர்களை எனக்குப் பிடிப்பதில்லை. "எதிர்ல இருக்கிறவங்க எல்லாம் வெறும் கல்லுன்னு நினைச்சுக்கோ" என்பவர்களை அதைவிடப் பிடிப்பதில்லை. பாட்டு கேட்க வந்த மனிதர்களை எதற்குக் கல்லாக நினைக்க வேண்டும்? அந்தப் பேச்சால் கை நடுக்கம் நிற்கப்போவதும் இல்லை. ஏனென்றால் நடுக்கம் எண்ணத்தில் இல்லை, ரத்தத்தில் இருக்கிறது. ஆபத்து என்று உடம்பு நினைத்ததும் அட்ரினலின் சுரக்கிறது. இதயம் வேகமெடுக்கிறது. விரல் நுனிகளில் ரத்த ஓட்டம் குறைந்து சில்லிடுகிறது. தசைகள் இறுகி நுணுக்கமான நடுக்கம் வருகிறது. பாடுகிறவருக்கு நாக்கு வறளும். நாதஸ்வரக்காரருக்கு உதடு உலர்ந்து சீவாளி ஒத்துழைக்காது. வயலின்காரருக்கு வில். வயலினில் நடுக்கத்தை மறைக்கவே முடியாது. வில்லை மெதுவாக நீட்டி இழுக்கிற ஒரு நீண்ட சட்ஜம் ('ச' ஸ்வரம்) போதும், உள்ளே நடப்பதையெல்லாம் ஒலிபெருக்கியில் ஊருக்கே சொல்லிவிடும்.

இது உடம்பின் வேலைதான் என்பதற்கு மருத்துவத்திலேயே சாட்சி உண்டு. 1977-ல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்த ஆய்வில், இதயத் துடிப்பைத் தணிக்கிற பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை ஒன்றை இசைக்கலைஞர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். நடுக்கம் குறைந்தது, வாசிப்பும் மேம்பட்டது. மேற்கத்திய இசைக்குழுக்களில் இந்த மாத்திரை சாதாரணமாகப் புழங்குகிறது. இங்கேயும் சிலர் கேட்கிறார்கள். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இந்த மாத்திரை ஆபத்து. டாக்டரைக் கேட்காமல் யாரும் தொடக்கூடாது. பிள்ளைகளுக்கு நான் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை.

நான் செய்வது வேறு. தெருமுனை வரை ஓடிப்போய்விட்டு வரச் சொல்வேன். மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போதே, நெஞ்சு அடித்துக்கொண்டிருக்கும்போதே, வில்லை எடுத்து வாசிக்க வேண்டும். பயத்தில் அடிக்கிற நெஞ்சும் ஓடி அடிக்கிற நெஞ்சும் கைக்கு ஏறக்குறைய ஒன்றுதான். முதலில் சிரிப்பாக இருக்கும், வில் தந்தியில் துள்ளும். கொஞ்ச நாளில் அந்த நிலையிலும் வில்லை எப்படிப் படுக்க வைப்பது என்று கை தானாகக் கண்டுபிடிக்கும்: தோளை இறக்குவது, பிடியைத் தளர்த்துவது, மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்குவது. மூச்சை நீளமாக விட்டால் இதயத் துடிப்பு உடனே சற்றுத் தணியும், அது எல்லோர் உடம்புக்கும் பொருந்தும். நடுக்கத்தை நிறுத்துவது என் நோக்கம் இல்லை. நடுங்கும்போது வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

பாம்பன் குந்துகாலில் விவேகானந்தர் மணிமண்டபம் இருக்கிறது. சிகாகோ போய்விட்டுத் திரும்பியபோது 1897 ஜனவரி 26 அன்று அவர் வந்து இறங்கிய இடம். ராமநாதபுரம் ராஜா பாஸ்கர சேதுபதி எதிர்கொண்டு வரவேற்றார். பிள்ளைகளை அங்கே கூட்டிப்போனால் நான் சொல்கிற கதை வரவேற்பைப் பற்றியது இல்லை. 1893 செப்டம்பர் 11 அன்று சிகாகோ மேடையில் உட்கார்ந்திருந்தபோது தனக்கு நெஞ்சு படபடத்து, நாக்கு ஏறக்குறைய வறண்டு, காலையில் பேசவே துணிவில்லாமல் போனதாகச் சென்னை நண்பர் அளசிங்கருக்குக் கடிதத்தில் எழுதியிருக்கிறார். மற்றவர்கள் எல்லாம் தயாரித்துக்கொண்டு வந்திருந்தார்களாம், இவரிடம் எதுவும் இல்லை. பிற்பகலில் சரஸ்வதியை மனதுக்குள் வணங்கிவிட்டு எழுந்தார். அந்தச் சிலையைப் பார்த்தால் யாருக்கும் நாக்கு வறண்ட ஆள் என்று தோன்றாது. அதனால்தான் அங்கே வைத்துச் சொல்கிறேன்.

படபடப்பை அடக்கச் சொல்வதைவிட அதற்கு வேறு அர்த்தம் கொடுப்பது பலன் தருகிறது என்று ஹார்வர்டைச் சேர்ந்த அலிசன் வுட் புரூக்ஸ் 2014-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார். பாடச் சொல்வதற்கு முன்னால் சிலரை "எனக்குப் பதற்றமாக இருக்கிறது" என்றும், சிலரை "எனக்கு உற்சாகமாக இருக்கிறது" என்றும் சொல்ல வைத்தார்கள். உற்சாகம் என்று சொன்னவர்கள் மேலாகப் பாடினார்கள். நெஞ்சு அடிப்பது இரண்டு பேருக்கும் குறையவில்லை. எனக்கு முதலில் இது விளையாட்டாகத்தான் பட்டது. இப்போது மேடைக்குப் பின்னால் நின்று நான் பிள்ளைகளிடம் "படபடப்பு வந்துருச்சா?" என்று கேட்கிறேன், பஸ் வந்துவிட்டதா என்று கேட்கிற தொனியில். வந்துவிட்டது என்றால் நல்லது, கிளம்பலாம்.

இதையெல்லாம் வகுப்பறையில் மட்டும் பழகினால் பாதிதான் தேறும். ஆள் இருக்கிற இடம் வேண்டும். எங்கள் ஊருக்கு அதில் ஒரு வசதி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் கரையில். பள்ளிக்கும் பெரிய லீவு. கடலுக்குப் போகாதவர்கள் வலை பின்னும் கூடத்தில் உட்கார்ந்து வருடத்துக்கும் சேர்த்துப் பழுது பார்த்துக்கொண்டிருப்பார்கள். நான் பிள்ளைகளை அங்கே கொண்டுபோய் உட்கார வைத்துவிடுகிறேன். அதைவிடக் கஷ்டமான சபையை நான் பார்த்ததில்லை. யாரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள். பக்கத்தில் ஒருவர் இன்ஜினைக் கழற்றித் தட்டிக்கொண்டிருப்பார். ரேடியோவில் வேறு பாட்டு ஓடும். நோட்டைக் காற்று தூக்கிக்கொண்டு போகும். கச்சான் காற்று வீசுகிற நாளில் வாசிக்கிற நாதம் தன் காதுக்கே வராது. நடுவில் ஒருவர் எழுந்து "தம்பி, கொஞ்சம் தள்ளி உக்காரு" என்று காலடியில் கிடக்கிற கயிற்றை இழுப்பார். அதற்கெல்லாம் நடுவில் தாளம் விடாமல் ஒரு வர்ணத்தை முடித்துவிட்ட பிள்ளைக்கு, நாற்காலி போட்டு உட்கார்ந்து கைதட்டுகிற கூட்டம் பெரிதாகத் தெரிவதில்லை.

படிப்படியாகத்தான் போகிறோம். முதலில் வீட்டில் பாட்டிக்கு முன்னால், அப்புறம் பக்கத்து வீட்டு ஆட்களுக்கு முன்னால், அப்புறம் வலைக்கூடம், அதற்கப்புறம் மைக். மைக்கைத் தனியாகச் சொல்ல வேண்டும். முதல்முறை மைக்கில் வாசிக்கிற பிள்ளைக்குத் தன் வயலின் எங்கோ தெருக்கோடியிலிருந்து வேறு யாரோ வாசிப்பது போலக் கேட்கும். சுருதிப்பெட்டி காதில் விழாது. கோயில் விழாவில் மேடைக்குள்ளேயே ஒலி கேட்க ஸ்பீக்கர் வைத்துத் தருவது அபூர்வம். தெரிந்த சவுண்ட் சர்வீஸ்காரர் ஒருவர் சாமான் சும்மா கிடக்கிற நாளில் ஒரு மணி நேரம் மைக் போட்டுத் தருகிறார். அந்த ஒரு மணி நேரத்தில் பிள்ளைகள் கற்றுக்கொள்கிற அளவுக்கு என் ஒரு மாத வகுப்பில் கற்றுக்கொள்வதில்லை. கடற்கரை ஊர் என்பதால் வேறு சில தொல்லைகளும் உண்டு. உப்புக் காற்றில் தந்தி சீக்கிரம் துருப்பிடிக்கிறது. ஈரத்தில் வில் முடி தளர்ந்து தொங்குகிறது, தந்தியை முறுக்கும் பிருடை இறுகிக்கொண்டு திரும்ப மறுக்கிறது. மேடையில் ஏறியபின் பிருடையோடு மல்லுக்கட்டுவதைப் போலப் படபடப்பைக் கூட்டுகிற விஷயம் வேறில்லை. எனவே மேடைக்குப் பக்கத்திலேயே கொஞ்ச நேரம் பெட்டியைத் திறந்து வைத்து வயலினை அந்தக் காற்றுக்குப் பழகவிட்டு, அப்புறம்தான் சுருதி.

மேடையில் கவனம் எங்கே இருக்க வேண்டும் என்பதும் பழகிக்கொள்ள வேண்டிய ஒன்று. நன்றாகப் பழகிய கையை, அது எப்படிச் செய்கிறது என்று கவனிக்க ஆரம்பித்தால் கெட்டுவிடும். அழுத்தம் வந்தால் மனிதர்கள் அதைத்தான் செய்கிறார்கள், அதனால்தான் தெரிந்ததே தடுமாறுகிறது என்று ராய் பாமைஸ்டர் என்ற உளவியலாளர் 1984-லேயே ஆய்வு செய்து எழுதினார். "இப்ப மூணாவது விரல்" என்று நினைத்த நொடியில் மூன்றாவது விரல் மறந்துவிடும். விரலைப் பார்க்காமல் நாதத்தைக் கேள் என்பதுதான் நான் சொல்வது. பக்கவாத்தியக்காரர்களுக்கு இந்த வகையில் ஒரு பாக்கியம். நமக்கு முன்னால் ஒருவர் பாடிக்கொண்டிருக்கிறார், அவரைக் கேட்பதிலேயே மனது போய்விடும். தன்னைப் பற்றி நினைக்க நேரமே இருக்காது.

கச்சேரியை வர்ணத்தில் தொடங்குகிற வழக்கத்தை நான் இந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன். இன்றைய கச்சேரி வரிசைக்கு வடிவம் கொடுத்தவர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் என்று சங்கீத உலகம் சொல்கிறது. அவருடைய குரு பூச்சி சீனிவாச ஐயங்கார், எங்கள் ராமநாதபுரம் சமஸ்தான வித்வான். தமிழ்நாட்டில் சங்கீதம் கற்றுக்கொள்கிற பிள்ளைகள் பெரும்பாலும் முதல் வர்ணமாகப் பாடம் பண்ணுகிற மோகன ராக 'நின்னுக்கோரி' அவர் செய்ததுதான். எங்கள் ஊர்ப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு இது தெரியாது. போகட்டும். வர்ணம் ஏன் முதலில்? குரல் பதப்படும், கை சூடேறும் என்று சொல்வார்கள், சரிதான். என் கணக்கில் இன்னொரு காரணமும் இருக்கிறது. அட்ரினலின் உச்சத்தில் இருப்பது முதல் ஐந்து நிமிடம். அப்போது கையில் இருக்க வேண்டியது வருடக்கணக்கில் ஊறிப்போன உருப்படி. வில்லும் வர்ணத்தில் ஓடிக்கொண்டே இருப்பதால் நடுக்கம் வெளியே தெரியாது. நீளச் சட்ஜம் பிடித்து ஆலாபனை செய்ய வேண்டிய நேரம் வருவதற்குள் உடம்பு அடங்கியிருக்கும். பூச்சி ஐயங்காரும் அரியக்குடியும் இதை நினைத்தார்களோ என்னவோ, வயலின்காரர்களுக்குப் பெரிய உபகாரம்.

எத்தனை மணி நேரம் சாதகம் என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பத்தாயிரம் மணி நேரம் என்று ஒரு கணக்கு எல்லோர் வாயிலும் இருக்கிறது. அது ஆண்டர்ஸ் எரிக்சனும் உடனிருந்தவர்களும் 1993-ல் வெளியிட்ட பெர்லின் வயலின் மாணவர்கள் பற்றிய ஆய்விலிருந்து பிறந்தது. அது மிகத் தேர்ந்த மாணவர்களின் இருபது வயது வரைக்குமான சராசரி, அவ்வளவுதான். அந்த எண்ணைத் தொட்டால் வித்வான் ஆகிவிடலாம் என்று எரிக்சன் சொல்லவில்லை. தன் ஆய்வை அப்படிப் புரிந்துகொண்டதை அவரே பின்னாளில் மறுத்தார். அவர் அழுத்திச் சொன்னது சாதகத்தின் தரத்தை: குறி வைத்து, முடியாததன் விளிம்பில் நின்று, யாராவது திருத்திக்கொண்டே இருக்கச் செய்கிற சாதகம். எனக்கு அந்த ஆய்வில் பிடித்த இடம் வேறு. நன்றாக வாசித்த மாணவர்கள் மற்றவர்களைவிட அதிகம் மதியத் தூக்கம் போட்டார்கள். ராமநாதபுரம் சீமை வெயிலில் மதியம் தூங்குகிற பிள்ளையைச் சோம்பேறி என்று சொல்கிற அப்பாக்களுக்கு இதைச் சொல்வதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி. ராத்திரித் தூக்கம் இன்னும் முக்கியம். விரல்களால் ஒரு வரிசையை வேகமாகத் தட்டக் கற்றுக்கொண்டவர்கள், வேறு பயிற்சி எதுவும் இல்லாமல், ஒரு இரவு தூங்கி எழுந்ததும் சுமார் 20 சதவீதம் வேகமாகத் தட்டினார்கள் என்று மேத்யூ வாக்கர் குழு 2002-ல் காட்டியது. அரங்கேற்றத்துக்கு முந்தின நாள் இரவு பன்னிரண்டு மணி வரை பிள்ளையை உட்கார வைத்து உருப்போட வைப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

கச்சேரி முடிந்த இரவு பிள்ளையிடம் "எப்படி வாசிச்ச?" என்று கேட்கக்கூடாது என்று எல்லா வீட்டிலும் சொல்லி வைத்திருக்கிறேன். அப்போது அதற்குத் தெரியாது. ஒரே ஒரு அபஸ்வரம் மனதில் நின்று மொத்தத்தையும் மூடியிருக்கும், அல்லது கைதட்டல் மூடியிருக்கும். இரண்டு மூன்று நாள் போனபின் பதிவைப் போட்டு வகுப்பில் எல்லோரும் சேர்ந்து கேட்கிறோம். அழுதுகொண்டு இறங்கிய பிள்ளைகள் "இவ்ளோதானா?" என்று கேட்டிருக்கிறார்கள். தெனாவட்டாக இறங்கியவர்கள் பேசாமல் நோட்டை எடுத்து எழுதியிருக்கிறார்கள்.

இந்த வருடம் நவராத்திரிக்குப் பக்கத்துக் கோயில் ஒன்றில் பிள்ளைகளுக்கு ஒரு சாயங்காலம் ஒதுக்கித் தந்திருக்கிறார்கள். யார் முதலில் வாசிப்பது, யார் எந்த உருப்படி என்பதை முன்கூட்டியே சொல்லப்போவதில்லை. எல்லோரும் எல்லாவற்றையும் தயாராக வைத்திருக்க வேண்டும், மேடைக்குப் பின்னால் சீட்டுக் குலுக்கித்தான் எடுப்போம். பிள்ளைகள் ஒத்துக்கொண்டுவிட்டார்கள். அப்பாக்களில் சிலருக்குத்தான் உடன்பாடில்லை. எந்த நேரத்துக்கு வந்து எந்தப் பக்கம் நின்று வீடியோ எடுப்பது என்று தெரியவில்லையாம்.